ரெட்ட இன்ஜின் யாட்டுல ஸ்டீயரிங் போனா மாற்று வழி என்ன வைக்கலாம்?

நீரோடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க ஊரு நீரோடி, தமிழ்நாட்டுக்க கடைசி ஊரு, கால நீட்டிப் படுத்தா கால் பொழியூர்ல கேரளாவுல கிடக்கும். பத்து வருஷத்துக்கு மேல தூத்தூர் போட்டுல தங்கல் தொழிலுக்குப் போனவன், இப்ப நாலு வருஷமா கொச்சியில ஒரு முதலாளிக்க மோட்டார் யாட்டை (உல்லாசப் படகை) ஓட்டவும் பாத்துக்கவும் செய்யறேன். முதலாளி கல்ஃபுல இருக்கார், வருஷத்துக்கு மூணு தடவை வந்தா பெரிசு.

போட்டு 44 அடி, ரெண்டு டீசல் இன்ஜின், ஷாஃப்டு, ரெண்டு சுக்கான். கீழ ஒரு வீல், மேல ஃப்ளைபிரிட்ஜ்ல (மேல்தட்டுல) ஒரு வீல். ஸ்டீயரிங் ஹைட்ராலிக், ஆயில் அழுத்தத்துல திரும்புறது. ராம் (ஆயில் தள்ளி நகர்ற உருளை) ஒண்ணுதான், அது ஸ்டார்போர்டு (வலது) சுக்கானைத் தள்ளும், அங்க இருந்து ஒரு டை பார் (இணைப்புக் கம்பி) போய் போர்ட் (இடது) சுக்கானையும் கூடவே திருப்பும். ஆட்டோபைலட் உண்டு.

போன மாசம் விழிஞ்ஞத்துல இருந்து கொச்சிக்குத் திரும்பி வரும்போது தங்கசேரி லைட் ஹவுஸ் கடந்து கொஞ்ச நேரம், மேல வீல்ல இருந்தேன், வீல் திடீர்னு லேசாயிடுச்சு. லேசுன்னா எப்படின்னா கிணத்துல கயிறு அறுந்த பிறகு கப்பி சுத்துமே அந்த மாதிரி. ரெண்டு சுத்து, மூணு சுத்து, போட்டு கேட்கவே இல்ல. ஆட்டோபைலட்டைப் போட்டேன், அது டிக் டிக்னு சத்தம் மட்டும் போட்டுச்சு. கையில இருந்த ஒரு லிட்டர் ஆயிலை மேல பம்புல ஊத்தினேன், ரெண்டு தடவை திரும்புச்சு, அப்புறம் பழையபடி. பின்னால தரை மூடியைத் தூக்கிப் பாத்தா ராம்ல வந்து சேர்ற ஹோஸ் கிரிம்ப் பண்ணின (மோதிரம் வச்சு நெரிச்ச) இடத்துல விட்டுப் போயி ஆயில் பூராவும் பில்ஜுல (போட்டோட அடிவயித்துல) கிடக்கு.

சரி ரெட்ட இன்ஜின்தானே, இன்ஜினை வச்சே நீண்டகரை துறைமுகத்துக்குள்ள கொண்டு போயிடலாம்னு நினைச்சேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். மெதுவா அஹெட்ல (முன்னால) கொஞ்சம் கேட்டுச்சு, ஆனா போட்டைத் திருப்ப ஒரு இன்ஜினை அஸ்டர்ன் (பின்னால) போட்டதும் கீழ டம்முனு ஒரு சத்தம், சுக்கான் ரெண்டும் இடது பக்கம் கடைசி வரைக்கும் போய் அடிச்சு நின்னுடுச்சு. அப்புறம் எந்த இன்ஜினை எப்படிப் போட்டாலும் போட்டு இடதுக்கே சுத்துது. நல்ல வேளை கச்சான் காத்து அன்னைக்கு பலம் இல்ல. கூட இருந்த பையன் பின்னறைக்குள்ள எறங்கி டை பார்ல கயித்தைக் கட்டி ரெண்டு பக்கமும் இழுத்து ஒரு மாதிரி நடுவுல கொண்டு வந்தான். அதுக்கப்புறம் இன்ஜின் சொன்னபடி கேட்டுச்சு. ஒரு சக்திகுளங்கரை போட்டுக்காரங்க விஷயம் புரிஞ்சு வடத்தை ரெடியா வச்சுக்கிட்டு அழிமுகம் (துறைமுக வாய்) வரைக்கும் பக்கத்துலயே வந்தாங்க, அவங்க புண்ணியம்.

முதலாளிட்ட சொன்னேன். அவர் ஒரு கம்பெனிட்ட கேட்டிருக்கார், அவங்க ரெண்டாவதா ஒரு முழு ஸ்டீயரிங் செட்டு, தனி ராம், தனி மோட்டார் பம்ப் எல்லாம் போடணும்னு ரெண்டு லட்சத்துக்கு மேல கணக்கு கொடுத்திருக்காங்க. முதலாளி எனக்கிட்ட "நீ சொல்லு, போடணுமா"ன்னு கேக்கார். எனக்கு சொல்லத் தெரியல. அது வேணுமா, இல்ல ஆட்டோபைலட்டையே மாற்றா வச்சுக்க வழி இருக்கா, கையால திருப்புற டில்லர் போதுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கச்சான்காத்து:

மக்கா நீ தூத்தூர் போட்டுல கிடந்தவன்தானே, இதுக்குப் போய் ரெண்டு லட்சமா. நம்ம ஃபைபர் வள்ளத்துல ரெண்டு 9.9 எச்.பி. கட்டிட்டுப் போறோம், ஒண்ணு போனா ஒண்ணு, ரெண்டும் போனா தொளவை (துடுப்பு). ரெட்ட இன்ஜின்னாலே அதுதான் மாற்று. வலது போகணும்னா இடது இன்ஜினைக் கூட்டு, இடது போகணும்னா வலதைக் கூட்டு. நீ அஸ்டர்ன் போட்டதுதான் தப்பு.

எங்க அப்பா காலத்துல சுக்கான் உடைஞ்சா ஒரு கயித்துல பழைய வலையைச் சுருட்டிக் கட்டி பின்னால போடுவாங்க. வலது பக்கமா இழுத்துக் கட்டினா அணியம் (போட்டோட முன்பக்கம்) வலதுக்குத் திரும்பும். காசு செலவே இல்ல.

நீரோடிக்காரன்:

அண்ணே, வள்ளத்துல இன்ஜினே சுக்கான்லா, கைப்பிடியைத் திருப்பினா புரொப்பெல்லரே திரும்பும். இதுல புரொப்பெல்லர் அசையாது, நேராத்தான் தள்ளும். அதான் வித்தியாசம். ஆனா அஸ்டர்ன் போட்டது தப்புன்னு நீங்க சொன்னது சரிதான், ஏன் அப்படி ஆச்சுன்னுதான் எனக்குப் புரியல.

ரெண்டாம் இன்ஜினியர்:

தம்பி, நான் குளச்சல், டேங்கர்ல செகண்ட் இன்ஜினியர், இப்ப லீவுல வீட்டுல. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோ.

முதல்ல அந்த டம். சுக்கான் தண்டு இலையோட முன்பக்கத்துக்குக் கிட்டத்தான் போகும், பெரும்பகுதி இலை தண்டுக்குப் பின்னாலதான் கிடக்கும். முன்னால ஓடும்போது தண்ணி முன்ன இருந்து வருது, ஆயில் இல்லாம சும்மா தொங்குற சுக்கான்கூட காத்துல கொடி பறக்கற மாதிரி பின்னால ஓரளவு நேரா இழுபடும். நீ அஸ்டர்ன் போட்டதும் தண்ணி பின்னால இருந்து அந்த அகல இலை மேல அடிக்குது, கதவை எதிர்க்காத்துல திறந்து விட்ட மாதிரிதான், பட்டுனு ஒரு ஓரத்துக்குப் போயிடும். ராம்ல ஆயில் இருந்தா அது பிடிச்சு நிறுத்தும், உனக்கு ஆயில் இல்ல. அந்த நேரத்துல அந்தப் பையன் கை டை பார் பக்கத்துல இருந்திருந்தா விரல் போயிருக்கும். சுக்கானைக் கட்டி நிறுத்தாம அஸ்டர்ன் தொடவே கூடாது.

ரெண்டாவது, இடதுல பூட்டின பிறகு ஏன் எதுவும் கேட்கல. போட்டை வலதுக்குத் திருப்ப நீ என்ன செஞ்சிருப்பே, போர்ட் இன்ஜினைக் கூட்டியிருப்பே. அந்தப் புரொப்பெல்லர் தள்ற தண்ணி நேரா எங்க போகுது, பின்னாலயே இருக்கற போர்ட் சுக்கான் மேல. அது இடதுல திரும்பி நிக்குது. நீ கூட்டக் கூட்ட சுக்கான் இன்னும் பலமா இடதுக்குத்தான் தள்ளும். உன் இன்ஜின் உனக்கே எதிரா வேலை செஞ்சிருக்கு. அந்த நிலைமையில சுக்கான் மேல தண்ணி அடிக்காத வழி ஒண்ணுதான் மிச்சம், போர்ட் நியூட்ரல், ஸ்டார்போர்டு அஸ்டர்ன், அணியம் மெதுவா வலதுக்கு வரும், அதுலயும் போட்டு பின்னால போகுமே தவிர ஊர் போய்ச் சேராது.

இது பெரிய கப்பலுக்கே நடந்திருக்கு. 1941 மே 26 சாயங்காலம் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்ல பிரிட்டிஷ் விமானம் போட்ட டார்பிடோ பின்பக்கம் பட்டு சுக்கான் இடதுல மாட்டிக்கிச்சு. மூணு புரொப்பெல்லர் இருந்தும், இன்ஜின் மூணும் நல்லா ஓடியும், அவங்களால நினைச்ச திசைக்குப் போக முடியல. மறுநாள் காலையில கப்பல் முடிஞ்சு போச்சு. அதனால கச்சான்காத்து அண்ணன் சொல்ற "ரெட்ட இன்ஜின்னாலே மாற்று"ங்கிறது பாதிதான் சரி. சுக்கான் நடுவுல நின்னா மட்டும்தான் இன்ஜின் மாற்று.

இப்ப உன் கேள்வி. என்ன வாங்கலாம்னு கேக்கறதுக்கு முன்னால எது உடையும்னு பாரு. வீல்ல இருந்து கீழ வரைக்கும் வரிசையாப் போ. வீல், அதுக்குப் பின்னால பம்ப், அங்க இருந்து ஹோஸ், ஒரு டீ ஜாயின்ட் (மூணு வழி இணைப்பு), மறுபடி ஹோஸ், ராம், சுக்கான் தண்டுல மாட்டின கை, டை பார், தண்டு, இலை. எந்த மாற்றும் அது வந்து சேர்ற இடத்துக்கு மேல உள்ளதை மட்டும்தான் காப்பாத்தும். ஆட்டோபைலட் பம்ப் எங்க சேருது? டீயில. உனக்கு விட்டுப் போன ஹோஸ் எங்க? டீக்கும் ராமுக்கும் நடுவுல. அதான் ஆட்டோபைலட் டிக் டிக்னு மட்டும் சொல்லிச்சு, அதுவும் பாவம் அந்த ஓட்டை வழியாத்தான் ஆயிலைத் தள்ளியிருக்கும். அதே ஹோஸ் மேல பம்புக்குக் கிட்ட விட்டிருந்தா, வழியில ஒரு வால்வு இருந்து நீ அதை அடைச்சிருந்தா, ஆட்டோபைலட்டை வச்சே பட்டனைத் தட்டித் தட்டி கொச்சி வந்து சேர்ந்திருக்கலாம்.

அந்தக் கம்பெனி சொல்ற ரெண்டாவது செட்டு ராம் வரைக்கும் காப்பாத்தும். டை பார் பந்து ஜாயின்ட் கழண்டா, தண்டு வளைஞ்சா, மிதக்கற மரத்துல இலை அடிபட்டா அதுவும் கை விரிச்சிடும். இந்தக் கடல்ல என்னென்ன மிதக்குதுன்னு உனக்குச் சொல்ல வேண்டாம், 2025 மே மாசம் எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பல் முழுகினதுல கன்டெய்னர் எங்கெல்லாம் கரை ஏறிச்சுன்னு பாத்தோமே.

கப்பலுக்கு சோலாஸ் சட்டம் (கடல்ல உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) என்ன சொல்லுதுன்னா, மெயின் ஸ்டீயரிங் சுக்கானை ஒரு பக்கம் 35 டிகிரியில இருந்து மறு பக்கம் 30 டிகிரிக்கு 28 செகண்டுக்குள்ள கொண்டு போகணும், அதுவும் முழு வேகத்துல. துணை ஸ்டீயரிங்குக்கு அவ்வளவு கேக்கல, 15 டிகிரியில இருந்து 15 டிகிரிக்கு 60 செகண்டு, பாதி வேகத்துல இல்லேன்னா 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்துல, எது அதிகமோ அதுல. உன் யாட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனா கணக்கைக் கவனி. மாற்றுங்கிறது மெதுவா, கொஞ்சமா திரும்பினா போதும், வீடு வந்து சேர்றதுக்கு. 1978 மார்ச் 16ல பிரான்ஸ் பக்கம் அமோகோ காடிஸ்னு ஒரு டேங்கர், ஹைட்ராலிக் ஆயில் ஒழுகி சுக்கான் போயி, பாறையில ஏறி ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல குரூட் கடல்ல போச்சு. டேங்கர்ல ஸ்டீயரிங்குக்கு இவ்வளவு கெடுபிடி வந்தது அதுக்கு அப்புறம்தான்.

அதைவிட முக்கியமான ஒரு சட்டம் இருக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை எமர்ஜென்சி ஸ்டீயரிங் டிரில் செஞ்சே ஆகணும். நாங்க ஸ்டீயரிங் ரூமுக்குள்ள போய் நின்னு, போன்ல பிரிட்ஜ்ல (கப்பலை ஓட்டற இடத்துல) இருந்து சொல்றதைக் கேட்டு கையால திருப்புவோம். நீ நாலு வருஷத்துல எத்தனை தடவை செஞ்சே? கோபப்படாதே, சும்மா கேக்கறேன்.

இன்னொண்ணு, கீழ வீலைச் சுத்தும்போது மேல வீல் தானா சுத்துதான்னு பாரு. சுத்தினா மேல பம்புக்குள்ள இருக்கற லாக் வால்வு சரியா அடைக்கலன்னு அர்த்தம்.

முட்டம் ஒர்க்ஷாப்:

இன்ஜினியர் சார் எல்லாம் சொல்லிட்டார், நான் கைவேலைக்காரன், என் பக்கத்தைச் சொல்றேன். ரெண்டு லட்சத்துக்குச் செட்டு போடறதுக்கு முன்னால இதைச் செய்ங்க, பத்துல ஒரு பங்குகூட வராது.

1. சுக்கான் தண்டு தலை சதுரமா வெட்டியிருக்கும், அதுக்கு நேரா பின் டெக்ல ஒரு வட்ட மூடி இருக்கும். அதுல மாட்டத்தான் எமர்ஜென்சி டில்லர். போட்டோட ஒண்ணு வந்திருக்கும், எங்கயாவது பழைய ஃபெண்டருக்கு (போட்டு இடிபடாம தொங்க விடற மெத்தைக்கு) அடியில கிடக்கும், தேடுங்க. கிடைச்சதும் கண்டிப்பா மாட்டிப் பாருங்க. நான் பாத்த ஒரு போட்டுல டில்லர் இருக்கு, பெயின்ட் அடிச்சு அழகா கிளிப்புல மாட்டி வச்சிருக்காங்க, மாட்டப் போனா சதுரம் ரெண்டு மில்லி சின்னது. வேற போட்டோட டில்லர். பல வருஷமா ஒருத்தரும் மாட்டிப் பாக்கல. இன்னொரு போட்டுல மாட்டியாச்சு, திருப்பினா பாதியில சீட்டுல போய் இடிக்குது, இடதுக்குத் திரும்பும் வலதுக்குத் திரும்பாது.

2. டில்லரை மாட்டிட்டு இழுத்தா அசையாது, நாலு பேர் தொங்கினாலும் அசையாது. ஏன்னா ராம்ல ஆயில் பூட்டி நிக்கும். உங்களுக்கு ஆயில் போயிடுச்சு, அதனால அசைஞ்சிருக்கும், ஆனா பம்ப் மட்டும் போன கேஸ்ல ஆயில் உள்ளயே இருக்கும். ராம்ல ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற பைபாஸ் வால்வு ஒண்ணு இருக்கணும், அதைத் திறந்தா ஆயில் இங்க இருந்து அங்க ஓடும், டில்லர் திரும்பும். அது இல்லாத போட்டும் நிறைய. இல்லேன்னா ராமையும் சுக்கான் கையையும் சேர்க்கற பின்னைக் கழட்டணும். அந்தப் பின்னுக்கு எந்த சைஸ் ஸ்பானரோ அதை ஒரு கயித்துல கட்டி அங்கயே தொங்க விடுங்க. டூல் பாக்ஸ்ல இருக்குன்னு சொல்லாதீங்க, கடல்ல ஆடும்போது டூல் பாக்ஸ்ல 19ஆம் நம்பரைத் தேடற கஷ்டம் எனக்குத் தெரியும்.

3. டில்லர் நீளம். ரெண்டடி டில்லரை வச்சு 44 அடி போட்டுல ரெண்டு சுக்கானை ஒரு ஆள் பிடிக்க முடியாது. மூணடியாவது வேணும், நுனியில ரெண்டு பக்கமும் கயிறு, கயிறு சைடுல கப்பி வழியாப் போய் கிளீட்டுக்கு (கயிறு கட்டற கொம்புக்கு). அப்ப ஒரு ஆள் உக்காந்துக்கிட்டே இழுக்கலாம். வேகத்தைக் குறைச்சுக்கணும், வேகம் பாதியானா சுக்கான் மேல வர்ற பாரம் கால்வாசியாயிடும். 10 நாட் வேகத்துல ரெண்டு பேர் மல்லுக்கட்டறதை 5 நாட் வேகத்துல ஒரு பையன் ஒரு கையால பிடிப்பான்.

4. உங்க பையன் செஞ்சான் பாருங்க, டை பாரைக் கயித்துல கட்டினது, அதுதான் எல்லாத்தையும் விட நல்ல யோசனை. அதை அவசரத்துல இல்லாம ஒழுங்கா செய்ங்க. பின்னறை ரெண்டு பக்கமும் பலமான இடத்துல, ஃபைபர் தகட்டுல இல்ல, உள்ள இருக்கற ஃபிரேம்ல, ஒரு கொக்கி போல்ட்டு போட்டு வையுங்க. சரியான நீளத்துல ரெண்டு கயிறு முதல்லயே வெட்டி, ஒரு முனையில கண்ணி போட்டுத் தொங்க விடுங்க. சுக்கான் நடுவுல நிக்கும்போது டை பார்ல எந்த இடம் எதுக்கு நேரா வருதுன்னு பெயின்ட்ல ஒரு கோடு போடுங்க, இருட்டுல டார்ச் அடிச்சா தெரியணும். சுக்கானை அப்படி நடுவுல கட்டிட்டா அப்புறம் உங்க ரெண்டு இன்ஜினும் நல்ல ஸ்டீயரிங்தான், அஸ்டர்னும் தாராளமாப் போடலாம்.

5. ஹோஸ் எல்லாத்தையும் மாத்துங்க, விட்டதை மட்டும் இல்ல. ஒண்ணு விட்டா மத்ததும் அதே வயசுதான். நம்ம ஊர் உப்புக்கும் பில்ஜ் சூட்டுக்கும் கிரிம்ப் பண்ணின மோதிரம் வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள துரு தின்னிருக்கும். ரப்பரை வளைச்சுப் பாருங்க, முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சா தூக்கிப் போடுங்க.

6. இன்ஜினியர் சார் சொன்ன வால்வு, டீக்குக் கிட்ட ஒவ்வொரு லைன்லயும் ஒரு பால் வால்வு போடலாம். ஆனா கைப்பிடியைத் திறந்த நிலையில கம்பி வச்சுக் கட்டுங்க. ஒருத்தன் காலு பட்டு மூடிக்கிச்சுன்னா நல்லா இருக்கற ஸ்டீயரிங்கே பூட்டிடும், நீங்களே வைச்ச சூனியம்.

ஆயில் ரெண்டு லிட்டர் எப்பவும் போட்டுல இருக்கணும், பம்புக்குச் சொன்ன அதே ஹைட்ராலிக் ஆயில். பிரேக் ஆயில் எக்காரணத்துக்கும் ஊத்தாதீங்க, சீல் ஊதி முழு செட்டும் போயிடும். ஒரு ஆள் அவசரத்துக்கு ஊத்தி எனக்கிட்ட கொண்டு வந்தார், ராம்ல இருந்து சீலைக் கழட்டினா ஊறின அப்பளம் மாதிரி வருது.

பழவேற்காடு பையன்:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நாங்க அந்தக் கோடி, ஆந்திரா பார்டர். இங்க ஏரியில ஓட்ற போட்டுக்கு ரெண்டு அவுட்போர்டு (வெளிய மாட்டற இன்ஜின்), ரெண்டையும் ஒரே கேபிள்ல இணைச்சிருக்கு. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

முட்டம் ஒர்க்ஷாப்:

தம்பி உனக்கு சுலபம். நடுவுல இணைக்கிற பாரைக் கழட்டி ஒரு இன்ஜினைத் தூக்கி வச்சுட்டு, மத்த இன்ஜின்ல கேபிளைக் கழட்டிட்டு, ஒரு பைப்பை வச்சுத் திருப்பிக்கிட்டே வரலாம், ஏரியில போதும். கேபிள் உள்ள கம்பி துருவேறி இறுகறதுதான் உன் பிரச்சனை, வீல் கனமா இருக்குன்னா உடையப் போகுதுன்னு அர்த்தம், மாத்திடு.

கச்சான்காத்து:

இன்ஜினியர் சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன், கதவு காத்துல அடிக்கற கதை புரியுது, என் தப்பை ஒத்துக்கறேன். ஆனா வலை சுருட்டிப் போடற விஷயத்தை யாரும் கண்டுக்கல.

ரெண்டாம் இன்ஜினியர்:

அண்ணே அது நல்ல வித்தை, பெரிய பெரிய யாட்டுக்காரங்க அதுக்குன்னே துணியில தச்ச டுரோக்னு ஒண்ணு வச்சிருக்காங்க, பின்பக்கம் ரெண்டு மூலையில இருந்தும் கயிறு, ஒரு பக்கத்தை இழுத்து மறு பக்கத்தை விட்டா போட்டு திரும்பும். சுக்கானே கீழ விழுந்து போச்சு, ஒரு இன்ஜினும் போச்சுன்னா அது ஒண்ணுதான் கதி. பின்னால இருந்து அலை தள்ளும்போது போட்டு குறுக்க திரும்பாம பிடிக்கவும் செய்யும். ஆனா ரெட்ட புரொப்பெல்லர் போட்டுல பின்னால கயிறு போடறதுக்கு எனக்குப் பயம். வேகம் குறைஞ்சு கயிறு தளர்ந்தா நேரா புரொப்பெல்லர்ல போய்ச் சுத்தும், அப்ப ஸ்டீயரிங்கும் இல்ல இன்ஜினும் இல்ல. போடறதா இருந்தா மிதக்காத கயிறு, தளரவே விடக்கூடாது, ரெண்டாவது ஆள் கயித்தையே பாத்துக்கிட்டு நிக்கணும்.

நீரோடிக்காரன்:

எல்லாரும் சொன்னதைக் கேட்டு ரெண்டு வாரமா வேலை பாத்தேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

டில்லர் கிடைச்சது ஆசானே, நீங்க சொன்ன மாதிரியே ஃபெண்டருக்கு அடியிலதான். சதுரம் சரியா உக்காருது. ஆனா முதலாளி போன வருஷம் ஆசைப்பட்டு பின் டெக்ல ஒரு மீன் பெட்டி போல்ட்டு போட்டு வச்சார், மூடிக்கு மேல பாதி அதுதான் நிக்குது. அதைக் கழட்ட முக்கால் மணி நேரம். கடல்ல முக்கால் மணி நேரத்துக்கு நான் எங்க போவேன். பெட்டியை இப்ப ஒரு அடி தள்ளி வச்சாச்சு, முதலாளிட்ட போட்டோ அனுப்பினேன், "ஓ"ன்னு மட்டும் பதில் வந்துச்சு.

போன ஞாயித்துக்கிழமை போல்காட்டி பக்கத்துல காயல்ல, போட்டு நடமாட்டம் குறைஞ்ச நேரமாப் பாத்து, மூணு விதமா ஓட்டிப் பாத்தேன். முதல்ல சுக்கானைக் கயித்துல நடுவுல கட்டிட்டு இன்ஜின் மட்டும். ரெண்டும் அஹெட்ல மெதுவா வச்சு ஒண்ணை நியூட்ரலுக்கு எடுத்தா போட்டு யோசிச்சு யோசிச்சுத் திரும்புது, நேராக்கறதுக்கு முன்னாலயே மறு இன்ஜினைப் போடணும், லேட்டானா தாண்டிப் போயிடுது. அரை மணி நேரத்துல கை பழகிடுச்சு. அஞ்சு நாட் வேகம் வரைக்கும் நல்லா கேக்குது, எட்டுக்குப் போனா ஒரு இன்ஜினை எவ்வளவு குறைச்சாலும் நேராவே ஓடப் பாக்குது. காயல்ல இவ்வளவுன்னா வெளிய பின்னால இருந்து வர்ற அலையில இதை நம்பி அழிமுகத்துல நுழைய மாட்டேன், வெளியவே நின்னு வி.எச்.எஃப். ரேடியோ 16ஆம் சேனல்ல கூப்பிட்டு வடம் வாங்கிடுவேன். தேங்காப்பட்டணம் முகத்துலயும் முதலப்பொழியிலயும் மழைக்காலத்துல நல்ல ஸ்டீயரிங் உள்ள போட்டே கவிழுது, நமக்குத் தெரியாததா.

ரெண்டாவது டில்லர். பைபாஸ் வால்வு எங்க போட்டுல இருக்கு, ஆனா பெயின்ட் அடிச்சு மூடி வச்சிருந்தாங்க, திறக்க பிளையர் வேண்டி வந்துச்சு. திறந்ததும் வெண்ணெய் மாதிரி திரும்புது. பையன் டில்லர்ல, நான் மேல. அங்கதான் ஒரு கூத்து. நான் மேல இருந்து "வலது"ன்னு கத்தறேன், பையன் பின்னால பாத்து உக்காந்திருக்கான், அவனுக்க வலது எனக்க இடது, அது போதாதுன்னு டில்லரைத் தள்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்லா போட்டு திரும்பும். ஒரு ஹவுஸ்போட்டுக்காரன் மலையாளத்துல எங்க ரெண்டு பேருக்க குலத்தையும் விசாரிச்சிட்டுப் போனான். இப்ப டெக்ல ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை டேப் ஒட்டியாச்சு, "சிவப்பு", "பச்சை"ன்னுதான் கத்தறோம்.

மூணாவது, கீழ வீலோட லைனை அடைச்சிட்டு ஆட்டோபைலட் பட்டன்ல ஓட்டறது. வால்வு ரெண்டு போட்டாச்சு, கைப்பிடியில கம்பியும் கட்டியாச்சு. அருமையா வேலை செய்யுது, இதுதான் சுகமா இருக்கு.

முதலாளிட்ட இப்போதைக்கு ரெண்டாவது செட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன். ஹோஸ் எல்லாம் புதுசு, கொக்கி போல்ட்டு நாலு, கயிறு, ஆயில், ஒரு உதிரி ஹோஸ். டை பார் பந்து ஜாயின்டைக் கழட்டிப் பாத்தேன், போர்ட் பக்கம் ஆட்டம் இருக்கு, அதையும் ஆர்டர் கொடுத்திருக்கு.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. இன்ஜினியர் அண்ணன் சொன்னாரே, கீழ சுத்தினா மேல வீல் சுத்துதான்னு. பாத்தேன். சுத்துது. வேகமா இல்ல, நான் கீழ ரெண்டு சுத்து சுத்தினா மேல கால் சுத்து. இது முன்னாலயே இருந்துச்சா இப்ப ஹோஸ் மாத்தின பிறகு வந்துச்சான்னு எனக்கு நினைவு இல்ல. மேல பம்பை மாத்தணுமா?

முட்டம் ஒர்க்ஷாப்:

அவசரப்பட்டு பம்பைக் கழட்டாதீங்க. ஹோஸ் மாத்தும்போது உள்ள இருந்த பழைய ரப்பர் துணுக்கு ஏதாவது லாக் வால்வு உக்கார்ற இடத்துல மாட்டியிருக்கலாம். முதல்ல காத்தெடுங்க. மேல பம்புதான் உயரமான இடம், அங்க ஆயில் பாட்டிலைக் கவுத்து வச்சு, ராம்ல நிப்பிளைத் திறந்து, ஒரு ஆள் வீலை ஒரு பக்கம் கடைசி வரை மெதுவா சுத்தணும், பாட்டில்ல குமிழி வர்றது நிக்கற வரைக்கும், அப்புறம் மறு பக்கம். கீழ வீல்லயும் அதே. வெளிய வர்ற ஆயிலை வெள்ளைப் பாத்திரத்துல பிடிச்சுப் பாருங்க, கறுப்பாத் துகள் இருந்தா அதை மறுபடி உள்ள ஊத்தாதீங்க. ரெண்டு தடவை செஞ்சும் மேல வீல் சுத்தினா வால்வைக் கழட்டித் துடைச்சுப் பாக்கலாம், அது வரைக்கும் காயலை விட்டு வெளிய போகாதீங்க. அடுத்த வாரம் விழிஞ்ஞத்துல எனக்கு ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு ரயில்ல ஏறினா கொச்சி வந்துடலாம், வரணுமான்னு சொல்லுங்க.

நீரோடிக்காரன்:

வாங்க ஆசானே. காத்தெடுத்துட்டு செவ்வாக்கிழமைக்குள்ள சொல்றேன்.